கிணற்று மூடிக்கு ஒரு பூட்டு

வணக்கமுங்க. எங்களுக்குப் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை பக்கம். நாலு மாடு, கொஞ்சம் தென்னை. மகளைப் பொள்ளாச்சியில் கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவத்துக்கு வந்தவள், பிள்ளைக்கு ஏழு மாசமாகியும் இங்கேயேதான் இருக்கிறாள். மூணாம் மாசமே கொண்டுபோய் விட்டிருக்கணும். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வருவார், பிள்ளையை மடியில் வைத்து போட்டோ எடுப்பார், சாயங்காலம் பஸ் ஏறிவிடுவார். சம்பந்தியம்மா பேர் வைக்க வந்ததோடு சரி.

நானும் மூணு பெத்தவதானுங்க. பச்சை உடம்போடு மாட்டுக்குத் தண்ணி காட்டி, பால் கறந்து சொசைட்டியில் ஊற்றியிருக்கிறேன். இவள் விடிந்தும் எழுந்திருக்கிறதில்லை. தலை சீவுகிறதில்லை. லேகியம் கிண்டி வைத்தேன், பூசணம் பிடித்துக் கிடக்கிறது. குளிப்பாட்டுவது, ராகிக்கூழ் ஊட்டுவது, தொட்டில் ஆட்டுவது, ஊசிக்குத் தூக்கிப் போவது எல்லாம் நான். எனக்கோ முட்டி வலி. பிள்ளை அழுதால் இவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். கேட்டால், "நான் தூக்குனா வீறிடறான், நீ தூக்குனாத்தான் நிறுத்தறான்" என்கிறாள். அது நிசந்தான். என்னிடம் அப்படி ஒட்டிக்கொண்டான். நான் பெத்த பிள்ளை மாதிரி என்று ஊரே சொல்கிறது.

மாப்பிள்ளை இதையெல்லாம் ஒரு வார்த்தை கேட்கிறதில்லை. சம்பந்தியம்மா போன்கூடப் பண்ணுகிறதில்லை. எல்லாம் என் தலையில். போன வாரம் ராத்திரி நான் பால் புட்டி கழுவிக்கொண்டிருந்தபோது வந்து நின்று, "இவன் உன்கிட்டயே நல்லா வளர்ந்துக்குவான், நான் இல்லாட்டியும் ஒண்ணுமில்லம்மா" என்றாள். எப்படித் தட்டிக்கழிக்கிறாள் பாருங்கள். நடுராத்திரியில் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். பிள்ளை தவழ ஆரம்பித்துவிட்டான் என்று கிணற்றுக்குக் கம்பி மூடி போட்டு, ராத்திரியானால் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறேன். அந்த வேலையும் எனக்குத்தான்.

செல்லம் கொடுத்து வளர்த்த பெண்ணுக்கு எப்படிப் பொறுப்பு வர வைப்பது? மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, பிள்ளையை மட்டும் நான் வைத்துக்கொள்ளலாமா?

இப்படிக்கு, கொழிஞ்சாம்பாறை வாசகி

பதில்:

அம்மா, இந்தப் பதில் வெளிவரும்வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது என்று முன்பே உங்கள் முகவரிக்கு அனுப்பிவிட்டேன். மாப்பிள்ளை, சம்பந்தி, லேகியம் எல்லாம் பிறகு. உங்கள் இடுப்பில் இருக்கும் சாவியைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

தவழும் பிள்ளைக்காகப் பூட்டுகிறவர்கள் பகலில் பூட்டுவார்கள். நீங்கள் பூட்டுவது ராத்திரியில், பேரன் உங்கள் பக்கத்தில் தூங்கும் நேரத்தில். திண்ணையில் உட்கார்ந்திருப்பது உங்கள் மகள். "நான் இல்லாட்டியும் ஒண்ணுமில்ல" என்ற பேச்சைத் தட்டிக்கழிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அது உங்கள் அடிவயிற்றைக் கலக்கியிருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. பூட்டியது நல்ல காரியம். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து வீட்டில் இருந்தால் அதையும் இன்றே அப்புறப்படுத்துங்கள்.

அவளுக்கு வந்திருப்பது சோம்பல் என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளை பெற்றவர்களுக்கு முதல் சில நாட்களில் வரும் அழுகையும் கலக்கமும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு வேறு. முதல் வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், மாதக்கணக்கில் நீளலாம். உறக்கம் கெடும், குளிக்கவும் தலை சீவவும் உடம்பு வராது, பெற்ற பிள்ளையே அந்நியமாகத் தெரியும். தமிழ்நாட்டு கிராமப்புறத் தாய்மார்களிடம் நடத்தி 2002இல் வெளியான ஓர் ஆய்வில், பிரசவத்துக்குப் பின் புதிதாக இந்த நோய்க்கு ஆளானவர்கள் 11 சதவீதம். அதற்கு வழிவிட்டவற்றில் வறுமை இருந்தது, கை உதவி இல்லாமை இருந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உள்ள மனக்கசப்பும் இருந்தது.

பெற்றோர் என்ற சொல்லைப் படித்ததும் உங்களுக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனாலும் சொல்கிறேன். நீங்கள் பச்சை உடம்போடு பால் கறந்த கதையை அவள் எத்தனை முறை கேட்டிருப்பாள்? ஒவ்வொரு முறையும் அவள் காதில் விழுவது "உன்னால் முடியவில்லை" என்பதுதான். "நான் பெத்த பிள்ளை மாதிரி" என்று ஊர் சொல்வது உங்களுக்குப் பெருமை. அதையே அவள், தான் தேவையில்லை என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறாள். பிள்ளை அழுததும் நீங்கள் ஓடி வந்து வாங்கிக்கொள்வது அன்பால்தான். ஆனால், தூக்கத் தெரியாதவள் என்று அவள் தன்னைப் பற்றி நினைத்திருப்பதை அது ஒவ்வொரு நாளும் உறுதி செய்கிறது.

அதனால் நீங்கள் கேட்ட இரண்டுக்கும் என் பதில் ஒன்றே: வேண்டாம். பிள்ளையைப் பிரித்து அவளை அனுப்பினால், அவள் பயந்தது சரிதான் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். கைப்பிள்ளைகளின் மனநலம் பார்க்கும் நாங்கள் பிள்ளையைத் தனியாக வைத்துப் பார்ப்பதில்லை. அதைத் தூக்குகிற கையையும் சேர்த்தே பார்ப்போம். உங்கள் பேரனுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, உங்கள் மகளைப் பார்த்துக்கொள்வது.

இன்றைக்கே அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப்போயிடலாம்னு தோணுதா கண்ணு?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த நினைப்பு வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், அப்படி வராது. கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே பாரம் கொஞ்சம் இறங்கும். ஆமாம் என்று தலையாட்டினால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், தனியே விடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இல்லை என்று சொன்னாலும் நாளைக்கே சித்தூர் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போய் மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். உங்கள் ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சியிடம் சொன்னால் வழிகாட்டுவார். கடந்த ஏழு நாள் எப்படி இருந்தது என்று பத்துக் கேள்விகள் கேட்கும் படிவம் ஒன்று உண்டு, 1987 முதல் புழக்கத்தில் இருப்பது. அதன் பத்தாவது கேள்வியே தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணத்தைப் பற்றியதுதான். ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள், அவையும் இப்படி ஆளைச் சாய்க்கும். பால் கொடுக்கும்போதும் சாப்பிடக்கூடிய மருந்துகள் உண்டு. ராத்திரியில் பயமாக இருந்தால் அரசு மனநல உதவி எண் 14416க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம், எந்நேரமும் எடுப்பார்கள்.

மாப்பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க விடாதீர்கள். கிணற்றைப் பூட்டிய விஷயத்தைச் சொல்லி இன்றே வரச் சொல்லுங்கள். அதைச் சொன்னால் வருவார். உங்கள் முட்டிக்கும் தூக்கத்துக்கும் அப்போதாவது ஒரு மாற்று ஆள் கிடைக்கும், நீங்களும் அந்த டாக்டரிடம் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

மருந்து பிடிக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பிள்ளைக்குக் கூழ் ஊட்டும்போது அவளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு வாய் அவள் ஊட்டட்டும். பிள்ளை சிணுங்கினாலும் உடனே கிண்ணத்தை வாங்கிவிடாதீர்கள்.