மடகாஸ்கரில் நடவு: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

எனக்கு மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். வேளாண்மை படித்துவிட்டு இப்போது மடகாஸ்கரில், ஆன்ட்சிராபே நகரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மலையூரில் தன்னார்வலராக இருக்கிறேன். குத்துக்கு ஓர் இளநாற்று மட்டும் வைக்கும் ஒற்றை நாற்று நெல் நடவைப் பரப்புவது வேலை.

ஒரு நாள் சந்தோஷம், மறுநாள் அழுகை. இங்கே மூன்று வேளையும் சோறுதான், அதனால் வயிறு வாடவில்லை. அடிப்பிடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துக் குடிக்கத் தருவார்கள். அதைக் குடிக்கும்போது வீட்டு நினைப்பில் தொண்டை அடைக்கும். நகரத்துக்குப் போகும் வேன் ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். செயல்விளக்கத்துக்கு நான் குறித்தது வியாழக்கிழமை. அன்றைக்கு வயலில் இறங்கக் கூடாது என்பது இந்த ஊர் விலக்காம். வெறும் வரப்பில் தனியாக நின்றேன். பெண்களோடு நடவுக்கு இறங்கினால் என் வரிசையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கூட்டத்தில் தலையாட்டிவிட்டு நடவன்று பழையபடி கொத்துக் கொத்தாக வைக்கிறார்கள். ஒரு பாட்டி மட்டும் இளநாற்றை ஒற்றையாக வைத்தார். ஆனால் வரிசைக்குக் கயிறு பிடிக்கவில்லை, களைக்கருவியைத் தொடவில்லை. என் அறிக்கைப் படிவத்தில் அவரைப் போட ஒரு கட்டம் இல்லை.

நான் இங்கே எதற்கு இருக்கிறேன்? இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறது அமைப்பு. வந்துவிடச் சொல்கிறார் அம்மா.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் பரப்பப் போயிருக்கும் முறை பிறந்ததே அந்தத் தீவில்தான். நம் ஊரில் அதற்கு ‘ராஜராஜன் 1000’ என்று பெயர் சூட்டி, 14 நாள் நாற்று, 22.5 செ.மீ. சதுர இடைவெளி, கோனோ வீடர் என்ற களைக்கருவி என்று பாடமாக்கிவிட்டதால் அது கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் பிறந்ததாகவே பலர் நினைக்கிறார்கள். ஆன்றி டி லொலானியே என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் 1961இல் மடகாஸ்கருக்குப் போனார். முறை உருவானது 1983இல். நடுவில் 22 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அவர் விவசாயிகள் செய்வதை வேடிக்கை பார்த்தார். சில விவசாயிகள் ஒற்றை நாற்று வைப்பதையும், சிலர் வயலில் எப்போதும் தண்ணீர் கட்டாமல் விடுவதையும் அங்கேயே பார்த்து எடுத்துக்கொண்டார். உங்கள் பாட்டி செய்ததை அவர் பார்த்திருந்தால் வரப்பில் உட்கார்ந்து நோட்டுப்புத்தகத்தைத் திறந்திருப்பார். உங்கள் படிவத்தில் கட்டம் இல்லையென்றால் அது படிவம் போட்டவர்களின் கோளாறு. மறுபக்கம் வெற்றிடமாகத்தானே இருக்கும், அதில் எழுதி அனுப்புங்கள்.

தலையாட்டியவர்கள் ஏன் அப்படி நடவில்லை என்று கேட்டீர்களா? கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் மடகாஸ்கரிலேயே இதை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். விளைச்சல் கூடுகிறது என்று தெரிந்தும் பலர் முயலவில்லை, முயன்றவர்களிலும் கணிசமானோர் விட்டுவிட்டார்கள். காரணம் எளிது. இந்த முறைக்கு ஆள்வேலை அதிகம் வேண்டியிருக்கும் மாதங்கள்தான் வீட்டில் குதிர் காலியாக இருக்கும் மாதங்கள். அப்போது ஏழைக் குடியானவர் அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போனால்தான் அன்றைக்கு உலை கொதிக்கும். தன் வயலில் வரிசை பார்த்து நட அவருக்கு நாள் ஏது? இதை நீங்கள் அங்கே போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. ஐப்பசி கார்த்திகையில் நம் தெருக்கள் எப்படி இருக்கும் என்று உங்கள் வீட்டு நடவாட்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நம் கடைமடையிலும் பலர் இதை மானியத்துக்காக ஒரு போகம் செய்துவிட்டு விட்டவர்கள்தான். முறைவைத்துத் தண்ணீர் விடும் வாய்க்காலை நம்பி ‘காய்ச்சலும் பாய்ச்சலுமாக’ நீர் கட்டு என்றால் எப்படிக் கட்டுவது? ஏக்கர் கணக்கில் கூலி பேசி இறங்குகிறவர்களுக்கு ஒற்றை நாற்றை அளந்து வைப்பது நஷ்டம் வேறு.

பாட்டி எடுத்துக்கொண்டது எதை என்று பாருங்கள். விதையை. வழக்கமான நடவில் ஏக்கருக்கு 20, 30 கிலோ விதை போகும். ஒற்றை நாற்றுக்கு 2, 3 கிலோ போதும். மிச்சப்பட்ட நெல்லைக் குத்தினால் சோறு, அதுவும் அரிசி இல்லாத மாதத்தில். கயிற்றுக்கும் களைக்கருவிக்கும் ஆள் வேண்டும், அதை விட்டுவிட்டார். உங்கள் பாடத்திலிருந்து தனக்குக் கட்டுபடியாவதை மட்டும் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். இனி கூட்டம் போட்டால் நீங்கள் பேசாதீர்கள், அவரைப் பேச விடுங்கள். வியாழக்கிழமை வேண்டாம்.

பெண்கள் சிரித்ததைப் பற்றி இன்னொன்று. கோபித்துக்கொள்ளாதீர்கள். மன்னார்குடிப் பக்கம் நிலமுள்ள வீட்டில் பிறந்த பெண்ணாக இருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் சொந்த வயலில் நீங்கள் நடவுக்கு இறங்கியிருக்க மாட்டீர்கள், இறங்க விட்டிருக்கவும் மாட்டார்கள். வரப்பில் நின்று ஆள் எண்ணியிருக்கலாம். இங்கே உங்கள் வரிசை கோணினால் நடவாட்கள் வாய்விட்டுச் சிரிக்க முடியாது, முதுகுக்குப் பின்னால்தான் சிரிப்பார்கள். அங்கே முகத்துக்கு நேரே சிரிக்கிறார்கள். எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் படுகிறது.

எதற்கு இருக்கிறேன் என்ற கேள்விக்கு வருகிறேன். உதவியை வாங்கும் பக்கம் எப்படி இருக்கும் என்று நம் கடற்கரைக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு உலகமே வந்தது. நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஆனாலும் லாரி லாரியாக வந்த பழைய துணி யாரும் தொடாமல் சாலையோரம் மக்கிக் கிடந்தது. ஊரைச் சுற்றிக்காட்டவும் டீ வாங்கிக் கொடுக்கவும் வீட்டுக்கு ஒருவர் வேலையைவிட்டு நின்றார்கள். தார் ஷீட் போட்ட தற்காலிகக் குடியிருப்பு ஒன்றில் ஒரு வெளிநாட்டுப் பெண் இருந்தாள். அவள் தினமும் காலையில் தண்ணீர்த் தொட்டியின் குழாய்களைத் திறந்து பார்ப்பாள், ஒழுகுவதைக் குறித்துக்கொண்டு போய் ஆள் அழைத்து வருவாள். அவ்வளவுதான் அவள் வேலை. எங்கள் பக்கத்து மீனவப் பெண்கள் இன்றும் விசாரிப்பது அவளைத்தான். வந்த புதிதில் அவளுக்கும் யாராவது சோறு போட்டு, பாஷை சொல்லிக் கொடுத்து, காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். தன்னார்வலருக்கு முதல் வருடம் ஊர்தான் தொண்டு செய்கிறது. அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, ஆனால் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இருப்பதா, வருவதா? அடுத்த நடவைப் பார்க்க முடிந்தால் இருங்கள். பாட்டியின் வயலில் தூர் எத்தனை கட்டியது என்று அக்கம்பக்கம் பார்த்திருக்கும், விதையைக் குறைப்பவர்கள் யார் என்று அப்போதுதான் தெரியும். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் யோசிக்காமல் வந்துவிடுங்கள், உங்களை நம்பி அங்கே யாரும் விதை விடவில்லை. எதுவானாலும் அமைப்புக்குப் பதில் எழுதும் முன் நீங்கள் தங்கியிருக்கும் வீட்டுப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இன்னொரு வருடம் உங்களுக்கும் சேர்த்து உலை வைக்கப்போவது அவர்கள்தானே.