நிஜ உலகத்தை இவ்வளவு எளிமையாக்கும் கணித மாதிரியை எப்படி நம்புவது?

மாதிரிகள் பாதி விஷயத்தை விட்டுவிடுகின்றனவே, அப்புறம் அவற்றால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இதே சந்தேகம் வெகுநாள் இருந்தது. அதைத் தீர்த்தது ஒரு மீன் கணக்கு.

முதல் உலகப் போரின்போது இத்தாலிக்குக் கிழக்கே உள்ள ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு வெகுவாகக் குறைந்தது. அந்தக் கடலோரத்து ஃபியூமே துறைமுகத்துக்கு வந்த மீன்களில் சுறா போன்ற வேட்டை மீன்களின் பங்கு 1914இல் சுமார் 12 விழுக்காடு, 1918இல் 36, 1923இல் மறுபடி 11. வலை குறைந்தால் எல்லா மீனும்தானே பெருக வேண்டும்? சுறாவின் பங்கு மட்டும் ஏன் ஏறியது? உயிரியலாளர் உம்பெர்த்தோ டி'அங்கோனா இதைக் கணிதவியலாளர் வீட்டோ வோல்ட்டெராவிடம் கொண்டுபோனார்.

வோல்ட்டெரா 1926இல் வெளியிட்ட விடையின் அடிப்படை இரண்டே சமன்பாடுகள். இரைமீன் தானாகப் பெருகும், தின்னப்படுவதால் குறையும். வேட்டை மீன் இரை கிடைத்தால் பெருகும், கிடைக்காவிட்டால் சாகும். நீரோட்டம், மீனின் வயது எதற்கும் அதில் இடமில்லை. இதன்படி இரண்டின் எண்ணிக்கையும் அலைபோல மாறி மாறி ஏறி இறங்கும். பெருக்கமும் குறைவும் சமமாகும் அளவுதான் அவற்றின் சராசரி.

ஒரு தாளை எடுத்து எண் போட்டுப் பாருங்கள். இரையின் பெருக்க வீதம் 1, ஒரு வேட்டை மீனால் அதில் குறைவது 0.02 என்றால் வேட்டை மீனின் சராசரி 1 ÷ 0.02 = 50. வேட்டை மீனின் இறப்பு வீதம் 0.5, ஒரு இரையால் அது ஈடாவது 0.01 என்றால் இரையின் சராசரியும் 50. சரி, இப்போது வலை இரண்டிலும் 0.2 வீதம் அள்ளட்டும். வேட்டை மீன் 0.8 ÷ 0.02 = 40 ஆகிறது. இரையோ 0.7 ÷ 0.01 = 70! அளவோடு பிடித்தால் இரை கூடுகிறது. வலையை நிறுத்தினால் சுறா கூடுகிறது. இதை முதலில் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

கடலோடு இது நிற்கவில்லை. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களில் சாறு உறிஞ்சும் செதில் பூச்சியை, ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த ஒரு பொறிவண்டு பல பத்தாண்டுகள் தின்று அடக்கி வைத்திருந்தது. டிடிடி என்ற பூச்சிமருந்தைத் தெளித்தபோது வண்டு செத்தது, செதில் பூச்சி பெருகியது. வலைக்குப் பதில் மருந்து, அவ்வளவுதான்.

அடுத்த வருடம் எத்தனை டன் மீன் கிடைக்கும் என்று இந்த மாதிரியிடம் கேட்கக் கூடாது. அதற்கு இது போதாது. ஆனால் விட்டதில் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள்: இரைமீனின் உணவுக்கும் ஒரு வரம்பு உண்டு என்று வையுங்கள். மீன்களின் எண்ணிக்கை மாறி மாறி ஏறி இறங்கும் அந்த அலை அடங்கிவிடும். வலை போட்டால் இரை கூடும், சுறா குறையும் என்ற விடை மட்டும் அப்படியே நிற்கும். நான் நம்புவது அந்த விடையைத்தான், அலையை அல்ல.