நூறு வீட்டில் எண்பத்தேழு

கேள்வி: சிங்கப்பூர் போய் வந்தேன். ஒரே அடுக்குமாடியில் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் இயல்பாகவே கலந்து வாழ்கிறார்கள். நம் ஊரில் மட்டும் தெருவுக்கு ஒரு சாதி, பேட்டைக்கு ஒரு மதம் என்று இருப்பது ஏன்?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: அந்த 'இயல்பாகவே'யை மட்டும் அடித்துவிடுங்கள். சிங்கப்பூரில் இனங்களைப் பிரித்ததும் திட்டம் போட்டுத்தான், சேர்த்ததும் திட்டம் போட்டுத்தான். சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் 1822-ல் அமைத்த நகரக் குழு சீனருக்கு ஒரு பகுதி, மலாய்க்காரருக்கும் அரபியருக்கும் கம்போங் கிளாம், நம்மவருக்குச் சூலியா கம்பம் (மலாயில் 'கம்போங்', அங்குள்ள தமிழில் 'கம்பம்' என்றால் கிராமம்; 'சூலியா' தென்னிந்தியரைக் குறித்த பெயர்) என்று வரைபடத்திலேயே கோடு கிழித்துவிட்டது. அந்தக் கோட்டுக்குள் எல்லாம் அடங்கிவிடவில்லை. நாராயண பிள்ளை 1827-ல் தொடங்கிய மாரியம்மன் கோவிலும், சூலியா முஸ்லிம்களின் ஜாமியா பள்ளிவாசலும் சவுத் பிரிட்ஜ் சாலையில் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. சுற்றிலும் இருப்பது சைனாடவுன். ஆனால் பக்கத்தில் கோவில் இருப்பது வேறு, பக்கத்து வீட்டில் ஆள் இருப்பது வேறு. 1964 ஜூலை 21-ல் நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மூண்ட மலாய்-சீனர் கலவரத்தில் 23 பேர் செத்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் 13 பேர்.

கம்பத்து வீடுகளிலிருந்து மக்களை அடுக்குமாடிக்குக் கொண்டுவந்தது 1960-ல் தொடங்கிய அரசு அமைப்பான வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அங்குள்ளவர்கள் சொல்லும் 'வீவக'. புது வீடுகள் கலந்துதான் கொடுக்கப்பட்டன. ஆனால் வாங்கிய வீட்டை விற்கலாம் என்றானபின், அவரவர் தங்கள் ஆட்கள் இருக்கும் பக்கமாக நகர்ந்தார்கள். 1980-களின் கடைசியில் பிடோக், தெம்பனிஸ் பேட்டைகளில் மலாய்க்காரரும் ஹவ்காங்கில் சீனரும் குவிந்துவிட்டார்கள். நீங்கள் சொல்லும் 'இயல்பு' இந்தக் குவியல்தான். அதைத் தடுக்கத்தான் 1989 மார்ச் 1 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. கொண்டுவந்த அமைச்சர் தனபாலன், ஒரு தமிழர்.

விதி இது. ஒரு புளோக்கில், அதாவது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில், சீனர் வீடு 87 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் சேர்ந்து 15. பேட்டை முழுவதற்கும் தனிக் கணக்கு: 84, 22, 12. (இந்தியருக்கு முதலில் 13, 10 என்று இருந்தது; 2010-ல் கூட்டினார்கள்.) இரண்டு கணக்கிலும் இடம் இருந்தால்தான் வாங்கலாம். கலப்புத் திருமணத் தம்பதி கணவன், மனைவி யாருடைய இனத்திலும் கணக்கில் சேரலாம். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எண்ணிக்கை புதுப்பிக்கப்படும். போன மாதம் இருந்த இடம் இந்த மாதம் இல்லாமல் போகலாம். அதனால் கைப்பணம் மாறுவதற்கு முன் வீவக இணையத்தளத்தில் பார்த்துவிட வேண்டும்.

இனி வலிக்கும் இடத்துக்கு வருகிறேன். 100 வீடு உள்ள புளோக்கில் 87 சீனர் வீடு நிரம்பிவிட்டது என்று வையுங்கள். சீனர் ஒருவர் விற்றால் இன்னொரு சீனர் வாங்கலாம், ஏனென்றால் விகிதம் மாறாது. இடம் இருந்தால் மற்றவரும் வாங்கலாம். அதே மாடியில் இருக்கும் தமிழர் சீனருக்கு விற்க முடியாது. மக்கள்தொகையில் முக்கால்வாசி சீனர். ஆக அவருக்கு மிஞ்சுவது நாலில் ஒரு பங்கு வாடிக்கையாளர்தான். வீடு மாதக்கணக்கில் தேங்குகிறது, விலையை இறக்க வேண்டியிருக்கிறது. மலாய்க்காரர் வரம்பு நிரம்பிய புளோக்கில் இதே நெருக்கடி மற்றவர்களுக்கும் உண்டு. ஆனால் சந்தையின் பெரும்பகுதியை இழப்பது பெரும்பாலும் சிறுபான்மைக்காரர்தான். ஊர் ஒற்றுமைக்கான செலவை ஒரு குடும்பத்தின் தலையில் கட்டுவது அநியாயம். 2022-ல்தான் வீவக, பத்தாண்டு வைத்திருந்தும் விற்க முடியாமல் தவிக்கும் இப்படிப்பட்ட வீடுகளைத் தானே திரும்ப வாங்க முன்வந்தது. முப்பத்து மூன்று ஆண்டு தாமதம்!

அப்படியும் இந்த விதி வேண்டும் என்றே சொல்வேன். புளோக்கின் கீழ்த்தளத்தைப் பாருங்கள், சுவரில்லாத பொது இடம். ஒரு வாரம் மலாய்க் கல்யாணம். பிரியாணி அண்டாவும் கொம்பாங் மேளமும். அடுத்த வாரம் அதே இடத்தில் சீனர் வீட்டுச் சாவு, மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை நாள் உடல் இருக்கும். மேலே போக எல்லாருக்கும் அதே லிஃப்ட். வாடகைக்கு வீடு தேடும்போது 'இந்தியர் வேண்டாம்' என்று விளம்பரம் போடுபவர்கள் அங்கும் உண்டு. தனியார் கொண்டோமினியத்துக்கும் இந்த வரம்பு கிடையாது. ஆனால் குடிமக்களில் பத்துக்கு எட்டுப் பேர் அளவில் இருப்பது வீவக வீட்டில்.

நம் ஊரைக் கேட்டீர்கள். இங்கும் ஒரு முயற்சி நடந்தது. 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறந்தார்கள். 100 வீடு: ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவருக்கு 10. சுடுகாடும் ஒன்றே. நல்ல கணக்கு. ஆனால் அது ஊருக்கு வெளியே கட்டிய இன்னொரு ஊர். பழைய ஊரின் தெருக்கள் அப்படியே இருக்கின்றன. வீட்டுவசதி வாரியம் நகரத்துக்கு நடுவே கட்டும் குடியிருப்புகளில் ஒவ்வொரு மறுவிற்பனையிலும் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும், விலை இறங்கினால் வித்தியாசத்தை வாரியமே கொடுக்கட்டும். அடுத்த முறை எழுதும்போது கும்பகோணத்தில் உங்கள் தெருவில் வேறு மதத்தார் யாருக்காவது வீடு விற்றிருக்கிறார்களா என்று விசாரித்து எழுதுங்கள். பிரசுரிக்கிறேன்.