துறைக்கு நூல் வாங்குவதும் பழைய நூலைக் கழிப்பதும்

கேள்வி: மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் வரலாற்றுத் துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். துறையின் நூலகப் பொறுப்பை இந்த ஆண்டு என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். வாங்க வேண்டிய நூல்களின் பட்டியலை நான்தான் தொகுத்துத் தர வேண்டும். மூத்த பேராசிரியர்கள் ஆளுக்கொரு பட்டியல் தருகிறார்கள். விற்பனையாளர் ஒருவர் தானே ஒரு பட்டியலைத் தயாரித்து அனுப்பி, கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார். இதற்கிடையில், அலமாரியில் இடமில்லை, உங்கள் துறையின் பழைய நூல்களில் எதைக் கழிக்கலாம் என்று நூலகர் கேட்கிறார். துறையில் அதற்குக் கடும் எதிர்ப்பு. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: விற்பனையாளரின் பட்டியலை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அவரிடம் இருப்பில் உள்ளவையும், அவருக்குத் தள்ளுபடி அதிகம் கிடைப்பவையும்தான் அதில் முன்னால் நிற்கும். உங்கள் மாணவர்களுக்கு என்ன தேவை என்பது பாடம் நடத்தும் உங்களுக்குத் தெரியும்; எந்த நூல் போகிறது, எது தூங்குகிறது என்பது நூலகருக்குத் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் பட்டியல் உருப்படியாக வரும். ஆனால் பல துறைகளில் இவர்கள் சந்தித்துக்கொள்வதே மார்ச் கடைசியில், பில்லில் கையெழுத்து வாங்கும் நேரத்தில்தான்.

அதனால் பட்டியல் எழுத உட்காருவதற்கு முன்னால் நூலகரிடம் போய் மூன்று அறிக்கைகள் கேளுங்கள். கோஹா போன்ற நூலக மென்பொருள் இருந்தால் அன்றைக்கே எடுத்துத் தந்துவிடுவார். கடந்த 5 ஆண்டுகளில் வரலாற்று நூல்கள் எத்தனை முறை இரவல் போயின என்பது முதலாவது. எந்த நூல்களுக்கு முன்பதிவு குவிந்தது என்பது இரண்டாவது. வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட வெளியே போகாதவை எவை என்பது மூன்றாவது.

மூன்றாவது அறிக்கையைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1969-இல் வாங்கிய நூல்களைத் தொடர்ந்து கவனித்தபோது, அடுத்த 6 ஆண்டுகளில் ஏறத்தாழ 40 சதவீதம் ஒருமுறைகூட இரவல் போகவில்லை. 1979-இல் அந்த ஆய்வு வெளிவந்ததும் அங்கே பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். ஓர் ஆய்வு நூலகத்தை இரவல் கணக்கை மட்டும் வைத்து அளக்கக் கூடாது என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. பார்வைப் பிரிவு நூல்கள் இரவலுக்கே போகாது. ஆய்வு மாணவர் நாலு பக்கம் குறிப்பெடுத்துவிட்டு மேஜையிலேயே வைத்துப் போவார். அதுவும் கணக்கில் வராது. மேஜையில் கிடக்கும் நூல்களை அடுக்குவதற்கு முன் ஊழியர் ஒருமுறை ஸ்கேன் செய்தால் அந்தப் பயன்பாடும் பதிவாகும். உங்கள் நூலகத்தில் அந்த வழக்கம் இல்லையென்றால் தொடங்கச் சொல்லுங்கள். பழைய நூலானால் அட்டைக்குள் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். 1990 வரை மாதாமாதம் முத்திரை விழுந்து அப்புறம் சட்டென்று நின்றிருந்தால், அந்த ஆண்டு பாடத்திட்டம் மாறியதா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும்.

அடுத்தது பாடத்திட்டம். ஒவ்வொரு தாளாக (பாடமாக) எடுத்து, அதில் குறிப்பிட்டுள்ள நூல்கள் நூலகத்தில் உள்ளனவா, எத்தனை படி, எந்தப் பதிப்பு என்று ஆன்லைன் அட்டவணையில் தேடிப் பாருங்கள். பாடத்திட்டத்தில் வருடக்கணக்கில் பெயர் மட்டும் இருந்து அலமாரியில் இல்லாத நூல்கள் நிச்சயம் அகப்படும். உங்கள் பட்டியலில் அவைதான் முதலில் வர வேண்டும்.

பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, பதிப்பகம், ஐ.எஸ்.பி.என். (ஒவ்வொரு பதிப்புக்கும் உரிய அடையாள எண்), எத்தனை படி, எந்தத் தாளுக்கு என்பது இருக்கட்டும். ஐ.எஸ்.பி.என். விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் வரலாற்று நூல்கள் பலவற்றுக்கு விலை குறைந்த இந்தியப் பதிப்பு உண்டு. அதற்குத் தனி எண். இணையத்தில் முதலில் கண்ணில் படும் எண்ணை அப்படியே எழுதிவிட்டால், டாலர் விலைக் கெட்டி அட்டைப் பதிப்பு வந்து சேரும். ஒரு நூலின் விலையில் நாலைந்து நூல் போய்விடும்.

தமிழ் நூல்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். தமிழில் தேர்வெழுதும் மாணவர்கள் நம்பியிருப்பது இவற்றைத்தான். ஆனால் சிறு பதிப்பகங்களின் வட்டார வரலாறு, கல்வெட்டு, சாதி வரலாற்று ஆய்வு நூல்கள் பெரிய விற்பனையாளர்களின் பட்டியலில் வருவது அரிது. சில நூறு படிகள் அச்சாகித் தீர்ந்தால் மறுபதிப்பு வருமா என்று சொல்ல முடியாது. ஆங்கில நூலை அடுத்த ஆண்டு வாங்கலாம். இவற்றைக் கண்டபோதே வாங்க வேண்டும். ஜனவரியில் நடக்கும் சென்னை புத்தகக் காட்சிக்கு நூலகரோடு துறையிலிருந்து ஒருவர் போய் வரலாம். பதிப்பகத்திடம் நேரடியாக வாங்க உங்கள் கொள்முதல் விதி எவ்வளவு தொகை வரை இடம் தருகிறது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூத்தவர்களின் பட்டியலை யாருக்கும் மறுக்க வேண்டாம். ஒவ்வொரு நூலுக்கும் எந்தத் தாளுக்கு, எந்த ஆய்வு மாணவருக்கு என்று ஒரு வரி எழுதித் தரும்படி எல்லோரிடமும் கேளுங்கள், துறைத் தலைவர் உட்பட. அவர்களின் சொந்த ஆய்வுக்கு வேண்டிய நூல்களுக்குத் துறை ஒதுக்கீட்டில் ஒரு பங்கைத் தனியே வையுங்கள். ஐந்தில் ஒரு பங்கு போதும் என்பது என் கருத்து. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924-இல் பொறுப்பேற்ற எஸ்.ஆர்.ரங்கநாதன் அதற்கு முன்பு மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதைத் தன் நூலகவியல் விதிகளில் முதலாவதாக வைத்தார். யாருக்கு என்று சொல்ல முடியாத நூல் பட்டியலில் இருக்கக் கூடாது.

இதழ்களில் பணத்தை முடக்குவதற்கு முன், 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அது வருகிறதா என்று பாருங்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய இந்தத் திட்டத்தில், மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள் கிடைக்கின்றன. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம்தான் ஒருங்கிணைக்கிறது. அங்கே கிடைக்கும் இதழுக்கு மறுபடியும் சந்தா கட்ட வேண்டியதில்லை. மின்நூல் வாங்கினால், நிரந்தரமாகக் கிடைக்குமா, சந்தா நின்றதும் போய்விடுமா, ஒரே சமயத்தில் எத்தனை பேர் படிக்கலாம் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பட்டியலை அடுத்த ஆண்டிலிருந்து ஆகஸ்டுக்குள் கொடுத்துவிடுங்கள். ஜனவரியில் கொடுத்தால் மார்ச் 31-க்குள் எது கிடைக்கிறதோ அதுதான் வரும்.

சரி, கழிக்கும் விஷயத்துக்கு வருவோம். உங்கள் துறையினரின் அச்சம் நியாயமானதுதான். பத்து ஆண்டுக்கு முந்தைய மென்பொருள் நூல் மாணவரைத் தவறான வழியில் விடும். நூறு ஆண்டுக்கு முந்தைய மாவட்டக் கையேடு வரலாற்று மாணவருக்கு மூல ஆதாரம். ஒரே அளவுகோலை எல்லாத் துறைக்கும் வைக்கக் கூடாது என்பதை நூலகக் குழுவில் நீங்கள் சொல்லலாம். அதே சமயம், வரலாற்று அலமாரியிலும் கழிக்க வேண்டியவை உண்டு: ஒரே பாடநூலின் பழைய பதிப்பு இருபது படிகள், காலாவதியான போட்டித் தேர்வு வழிகாட்டிகள், பூச்சி அரித்துப் படிக்கவே முடியாதவை. முதலில் அவற்றை எடுத்தாலே கணிசமான இடம் கிடைத்துவிடும்.

மீதியை அலமாரி முன்னால் நின்றுதான் முடிவு செய்ய வேண்டும். அச்சிட்ட பட்டியலில் டிக் போட்டால் ஓரக்குறிப்புள்ள அரிய படிகூடப் போய்விடும். நூலகர் சந்தேகப்படும் நூல்களில் சீட்டுச் செருகி வைக்கட்டும். துறையினர் ஒரு மாத அவகாசத்தில் வந்து பார்த்து, வேண்டியதிலிருந்து சீட்டை எடுத்துவிட்டுக் கையெழுத்திடட்டும். தமிழ் நூலானால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் இருக்கிறதா என்று தேடுங்கள். எங்கும் காணாத நூலின் கடைசிப் படியைக் கழிக்கக் கூடாது. கிழிந்திருந்தாலும் ஸ்கேன் எடுக்கும்வரை வைத்திருங்கள்.

நூலகர்கள் கழிப்பதற்குத் தயங்குவதற்குக் கணக்குத் தணிக்கை பயமும் ஒரு காரணம். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், ஆண்டில் இரவல் கொடுத்தோ படிக்கக் கொடுத்தோ புழங்கிய 1,000 நூல்களுக்கு 5 நூல் தொலைவதை, முறைகேடோ கவனக்குறைவோ இல்லாதவரை, இயல்பானதாகவே ஏற்கின்றன. கழிப்பது தொலைப்பது அல்ல. அதற்கு முறையான ஒப்புதல் வேண்டும். குழுத் தீர்மானம், அதிகாரியின் உத்தரவு எண், ஆக்ஸஷன் பதிவேட்டில் (நூலகத்துக்கு வந்த நூல்களை வரிசை எண்ணிட்டுப் பதியும் பதிவேடு) அந்த நூலுக்கு நேரே நீக்கிய தேதி ஆகிய மூன்றும் இருந்தால் நூலகருக்குச் சிக்கல் வராது. துறையின் ஒப்புதலை நீங்கள் எழுத்தில் கொடுத்தால் அவருக்கு அது பெரிய துணை.

பேராசிரியர் ஒருவர் மட்டும் ஒரு நூலைக் கழிக்கவே கூடாது என்று நின்றால், அதை இருப்பு அறைக்கு மாற்றி, அட்டவணையில் பதிவை அப்படியே விட்டுவையுங்கள். மூன்று ஆண்டில் யாரும் கேட்கவில்லை என்றால் குழு மறுபடி பார்க்கும் என்று தீர்மானத்தில் எழுதிவிடுங்கள்.