புரோசெக்கோ: லேபிளைப் படித்துவிட்டுச் சமையலுக்குப் போங்கள்

கேள்வி: புரோசெக்கோ என்பது விலை குறைந்த ஷாம்பெயின்தானே, அண்ணா?

பதில்: இல்லை தம்பி. இரண்டும் குமிழி விடும் ஒயின்தான், ஆனால் ஷாம்பெயின் பிரான்சுடையது, புரோசெக்கோ வடகிழக்கு இத்தாலியுடையது. செய்முறையே வேறு. ஷாம்பெயின் குமிழிக்காக இரண்டாவது முறை நொதிப்பது பாட்டிலுக்குள். புரோசெக்கோவுக்கு அது நடப்பது பெரும்பாலும் அழுத்தம் தாங்கும் எஃகுத் தொட்டியில். 1895-இல் இத்தாலியர் ஃபெடரிக்கோ மார்ட்டினோட்டி காப்புரிமை பெற்ற முறை இது. பிரான்சின் யூஜின் ஷார்மா பிறகு அதை மேம்படுத்தினார். ஷாம்பெயினைப் போல ஈஸ்ட்டோடு நெடுநாள் கிடப்பதில்லை என்பதால் ரொட்டி வாசம் ஏறாது. புரோசெக்கோ செய்யும் கிளேரா திராட்சையின் பேரிக்காய், பச்சை ஆப்பிள், வெள்ளைப் பூ வாசம் அப்படியே நிற்கும். எனக்கு இதில் பிடித்ததே அந்தத் தெளிவுதான்.

கேள்வி: ஒயினில் 'டிரை' என்றால் இனிப்பில்லாதது என்று நினைத்து, 'எக்ஸ்ட்ரா டிரை' பார்த்து வாங்கினேன். இனிக்கிறதே?

பதில்: இனிக்கத்தான் செய்யும். லிட்டருக்குச் சர்க்கரை அளவு: புரூட் என்றால் 12 கிராம் வரை, எக்ஸ்ட்ரா டிரை 12 முதல் 17, டிரை 17 முதல் 32. இனிப்பு வேண்டாதவர்கள் புரூட் எடுங்கள். என்ன சமைப்பது என்று யோசிக்கும் முன் இந்த ஒரு சொல்லைப் பார்த்துவிடுங்கள். உணவுப் பொருத்தத்தில் பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: அப்படியென்றால் எதற்கு எது பொருந்தும்?

பதில்: புரோசெக்கோ விளையும் வெனெத்தோ வட்டாரத்து வெனிஸ்காரர்களைப் பின்பற்றினால் தப்பாது. காற்றில் காய்ந்த காட் மீனை ஊறவைத்து, வேகவைத்து, எண்ணெயைச் சிறுகச் சிறுக விட்டு வெண்ணெய் பதத்துக்கு அடிப்பார்கள். பெயர் பக்கலா மான்டெகாட்டோ. அதைச் சுட்ட மக்காச்சோளக் களித் துண்டின் மேல் வைத்துத் தருவார்கள். இதற்குப் புரூட், ஒவ்வொரு வாய்க்கும் நாக்கில் படியும் எண்ணெயைப் புளிப்பும் குமிழியும் துடைத்துவிடும். பொரித்த கணவாய், இறாலுக்கும் இதே கணக்கு.

சார்தே இன் சாவோர் வேறு ரகம். பொரித்த மத்தி மீனை வினிகரில் வதங்கிய வெங்காயம், உலர் திராட்சை, பைன் கொட்டையோடு அடுக்கி ஊறவிடுவார்கள். தட்டிலேயே இனிப்பு இருப்பதால் இங்கே எக்ஸ்ட்ரா டிரைதான் சரி. பக்கத்து ஃப்ரியூலி வட்டாரத்தின் சான் தானியேலே ஹாமுக்கும் (உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை) அதையே சொல்வேன், உப்புக்கு இதமாக இருக்கும். நீண்ட நேரம் கொதித்த தக்காளி இறைச்சிக் குழம்போடு மட்டும் வேண்டாம், ஒயின் காணாமல் போய்விடும்.

கேள்வி: திராமிசுவோடு குடிக்கலாமா? அதுவும் அந்தப் பக்கத்து இனிப்புதானே?

பதில்: ஆமாம், திரெவிசோ ஊரோடு சேர்த்துப் பேசப்படுவதுதான். ஆனாலும் வேண்டாம். ஒயினைவிட இனிப்புப் பண்டம் தித்தித்தால் ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும். போதாததற்கு திராமிசுவில் காபியும் கோகோவும் வேறு. பாதாம் பிஸ்கட்டோடு டிரை வகை குடித்துப் பாருங்கள்.

கேள்வி: டிஓசி, டிஓசிஜி இரண்டில் எது வாங்க?

பதில்: இரண்டும் ஒயின் எந்த இடத்தில், எந்த விதிப்படி செய்தது என்று காட்டும் இத்தாலிய முத்திரைகள், டிஓசிஜி அதில் மேல் படி. கையில் காசு இருந்தால் கொனெலியானோ வால்டொப்பியாதெனே பகுதியின் டிஓசிஜி. டிஓசி வெனெத்தோ, ஃப்ரியூலி வட்டாரங்களில் பரந்து கிடக்கிறது. டிஓசிஜி செங்குத்தான குன்றுகள். அறுவடை பெரும்பாலும் கையால்தான். 2019-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்த குன்றுகள் இவை.

கேள்வி: பரிசாக வந்த பாட்டிலைத் திருமண நாளுக்கென்று ஐந்து வருடம் வைத்திருக்கலாமா, சார்?

பதில்: வைக்காதீர்கள். ஓரிரு வருடத்தில் அந்தப் பழ வாசம் மங்கிவிடும். இந்த வாரமே 6 முதல் 8 டிகிரிக்குக் குளிரவைத்து, வாய் சற்று அகன்ற கிளாஸில் ஊற்றுங்கள். கூடவே ஏதாவது பொரியுங்கள்.