மாலை நாலரை மணிக்குப் பிள்ளை எங்கே இருக்க வேண்டும்?

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மாவுக்கு, நாங்கள் பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் குடியிருக்கிறோம். மகள் ஏழாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. மகனுக்குத் திங்கள், புதன் அபாகஸ், செவ்வாய், வியாழன் கராத்தே, வெள்ளி கீபோர்டு, சனி, ஞாயிறு காலை நீச்சல், சனி மாலை இந்தி. மகளுக்கு டியூஷனும் பரதமும். கோடை விடுமுறையில் முக்கூடல் பக்கம் என் அம்மா வீட்டில் மகன் பத்து நாள் இருந்தான். முட்டியெல்லாம் சிராய்ப்பு, ஆள் கறுத்துப் போய்விட்டான், ஆனால் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. வந்ததிலிருந்து கராத்தேக்குப் போக அழுகிறான். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தால், "போரடிக்குது, போனைத் தா" என்கிறான். எங்கள் அத்தை, "புள்ளைய கொஞ்ச நேரம் தெருவுல வெளாட விடுளா" என்கிறார். என் கணவரோ, "கராத்தே, நீச்சல் எல்லாம் விளையாட்டுதானே? தெருவில் தனியாக என்ன இருக்கு?" என்கிறார். எனக்கும் பைக், தெருநாய் என்று ஆயிரம் பயம். எதையாவது நிறுத்த வேண்டுமா? எதை?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்தத்தான் வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு வாரத்தின் ஏழு நாளும் ஏதாவது ஒரு வகுப்பு இருக்கிறது. ஞாயிறு மாலை தவிர ஒரு மாலைகூட அவனுடையது இல்லை. எதை நிறுத்துவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் கணவரின் கேள்விக்கு வர வேண்டும். அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் கிடைக்காமல் உங்கள் வீட்டில் எதுவும் மாறாது.

கராத்தேயில் உடம்பு அசைகிறது, உண்மைதான். 5 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தக் கணக்கில் கொஞ்சத்தைக் கராத்தே தரும். ஆனால் அங்கே எப்போது தொடங்குவது, யார் யாரோடு நிற்பது, எது சரி எது தப்பு, எப்போது முடிப்பது எல்லாவற்றையும் மாஸ்டர் முடிவு செய்கிறார். பிள்ளை சொன்னதைச் செய்கிறான். தெருவிளையாட்டில் இத்தனை முடிவும் பிள்ளைகளுடையது. தனியாக என்ன இருக்கிறது என்று கேட்டாரே, இதுதான் இருக்கிறது.

பத்துப் பிள்ளைகள் கிளித்தட்டு ஆடக் கூடினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒருவன் குதிங்காலை மண்ணில் இழுத்துக்கொண்டே போய்க் கோடு போடுகிறான். கோணலாக இருக்கிறது என்று இன்னொருத்தி அழித்துவிட்டுத் திரும்பப் போடுகிறாள். அப்புறம் உத்தி பிரிக்க வேண்டும். ஓட்டத்தில் ஏறக்குறையச் சமமான இரண்டு பேர் தோளில் கைபோட்டுக்கொண்டு தள்ளிப் போய், காதோடு காதாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வருகிறார்கள். "மாம்பழம் வேணுமா, பலாப்பழம் வேணுமா?" அணித்தலைவன் கேட்ட பழம் அவன் பக்கம், மற்றது அந்தப் பக்கம். இரண்டு அணியும் சமமாக இருந்தால்தான் ஆட்டம் சூடு பிடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். யார் யாருக்குச் சமம் என்பதையும் அவர்களேதான் எடை போடுகிறார்கள். ஓடத் தெரியாத குட்டித் தம்பி ஒருவன் அழுதுகொண்டு நின்றால், அவனை உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவனைத் தொட்டாலும் அவுட் கிடையாது. இந்த விதியை அவர்களுக்கு எந்தப் பெரியவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சண்டை வரும். "தொட்டாச்சு!" "தொடவே இல்ல!" ஒருவன் "நான் வரலை, போ" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் திண்ணையில் உட்காருவான். ஆள் குறைந்தால் ஆட்டம் நின்றுவிடும். ஆகவே யாராவது ஒருவர் இறங்கிவந்துதான் ஆக வேண்டும். "சரி, முதல்லேர்ந்து ஆடுவோம், வா." விட்டுக்கொடுப்பது, வழக்காடுவது, தோற்ற பிறகும் நாளைக்கு அதே முகங்களோடு ஆட வருவது எல்லாம் இந்த இடத்தில்தான் பழக்கமாகின்றன. மாஸ்டர் விசில் ஊதித் தீர்த்துவைக்கிற சண்டையில் பிள்ளைக்கு இந்த வாய்ப்பே வருவதில்லை.

முக்கூடலில் என்ன செய்தான் என்று அவனிடம் ஒரு நாள் நிதானமாகக் கேளுங்கள். கோடையில் போயிருப்பதால் நுங்கு வண்டி உருட்டியிருக்க வாய்ப்பு அதிகம். நுங்கு தின்று மிஞ்சிய இரண்டு ஓடுகளை ஒரு குச்சியின் இரு முனையிலும் குத்தி, நடுவில் கவட்டைக் கம்பை வைத்துத் தள்ளுவது. குச்சி ஓட்டின் நடுவில் நேராக இறங்காவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பிடுங்கி மறுபடி குத்த வேண்டும். இதற்கு யாரும் வகுப்பு எடுப்பதில்லை. பெரிய பையன் செய்வதைச் சின்னவன் பக்கத்தில் குந்தியிருந்து பார்க்கிறான், அவ்வளவுதான். வகுப்பில் எல்லாரும் ஒரே வயது. தெருவில் ஆறு வயதும் பன்னிரண்டு வயதும் கலந்து நிற்கும். அந்தக் கலப்பில் நடக்கிற படிப்பு பெரிது.

உங்கள் கணவருக்கு ஆய்வு வேண்டும் என்றால் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், ஆறேழு வயதுப் பிள்ளைகள் 70 பேர் நேரத்தை எப்படிக் கழிக்கிறார்கள் என்று பெற்றோரிடம் கேட்டுத் தொகுத்து 2014-ல் வெளியிட்டார்கள். பெரியவர்கள் வகுத்துக் கொடுக்காத நேரம் அதிகம் கிடைத்த பிள்ளைகள், யாரும் எடுத்துக்கொடுக்காமல் தாங்களே யோசித்துச் செய்ய வேண்டிய ஒரு சோதனையில் நன்றாகச் செய்தார்கள். வகுப்புகளில் அதிக நேரம் போனவர்கள் அதில் சற்றுப் பின்தங்கினார்கள். வகுக்காத நேரம் என்றால் ஓடியாடுவது மட்டும் இல்லை, தானாகப் புத்தகம் படிப்பது, வெளியே போய்வருவது எல்லாம் சேர்த்திதான். இந்த ஒரு ஆய்வை வைத்துக் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் போட்டி நிறைந்த உலகத்துக்குத் தயார் செய்கிறோம் என்று நினைத்து வகுப்பாக அடுக்குகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று யோசிக்க இது போதும்.

கண் விஷயம் இதைவிடத் தெளிவானது. சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியே இருக்கும் நேரம் கொடுத்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் அந்தப் பிள்ளைகளில் சுமார் 30 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்றப் பள்ளிகளில் சுமார் 40 சதவீதம். 2015-ல் வெளியான முடிவு இது. வெளிச்சம்தான் முக்கியக் காரணம் என்று கருதுகிறார்கள். நல்ல பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்க வைக்கிறது, அது கண்பந்து அளவுக்கு மீறி நீளாமல் தடுக்கிறது என்பது அவர்கள் விளக்கம். கராத்தே நடக்கும் ஹாலில் ட்யூப்லைட்டுதான் எரிகிறது. தெருவில் வேப்பமர நிழலில் நின்றால்கூட அதைவிடப் பல மடங்கு வெளிச்சம் கிடைக்கும்.

இனி உங்கள் பயங்கள். அவை வீண் பயம் என்று சொல்ல மாட்டேன்.

பைக்குக்கும் ஆள் நடமாட்டத்துக்கும் விடை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அத்தை வாசலில் நாற்காலி போட்டு உட்காரட்டும். ஆட்டத்தில் தலையிட வேண்டாம், பஞ்சாயத்துப் பண்ண வேண்டாம். ஒரு பெரியவர் கண்ணில் படும்படி இருந்தால் போதும். பெருமாள்புரத்தில் முட்டுச்சந்துகளும் காலி மனைகளும் இன்னும் உண்டு. உடைமுள்ளும் பாட்டில் சில்லும் கிடந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்து பொறுக்கிவிடலாம்.

நாய்க்குப் பிள்ளையைப் பழக்க வேண்டும். நாயைக் கண்டு ஓடக் கூடாது, சாப்பிடுகிற நாயையும் குட்டி போட்ட நாயையும் நெருங்கக் கூடாது. கடித்தாலோ பிராண்டினாலோ உடனே சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் விடாமல் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே ஊசி போட வேண்டும். உங்களுக்கு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி பக்கம்தான். இதைவிட முக்கியமாக ஒன்று: "நாய் கடித்தால் திட்ட மாட்டேன், உடனே வந்து சொல்" என்று இப்போதே சொல்லிவையுங்கள். திட்டுக்குப் பயந்து மறைக்கிற பிள்ளைதான் ஆபத்தில் மாட்டுகிறது.

ஆற்றைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. நான் சொல்லியாக வேண்டும். தாமிரபரணிக் கரையில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு ஒரு விதி மட்டும் கல்லில் செதுக்கியதாக இருக்கட்டும்: பெரியவர் கூட இறங்காமல் ஆறு, கால்வாய், குளம் எதிலும் கால் வைக்கக் கூடாது. மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே தெரியாது. பாபநாசத்தில் தண்ணீர் திறந்தால் இழுப்பு மாறிவிடும். நீச்சல் குளத்தில் கற்ற நீச்சலை நம்பி இந்த விதியைத் தளர்த்தாதீர்கள்.

முட்டிச் சிராய்ப்பு பயப்படுகிற விஷயமே இல்லை. ஐந்து வயதில் போட வேண்டிய முத்தடுப்பு (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி) பூஸ்டர் ஊசி போட்டாயிற்றா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது மகளைப் பற்றிய அந்த ஒரே வரிதான். டியூஷனும் பரதமும், அத்தோடு முடிந்துவிட்டது. அவள் விளையாடுகிறாளா என்ற கேள்வி உங்களுக்கோ, உங்கள் கணவருக்கோ, அத்தைக்கோகூட வரவில்லை. நம் பக்கத்தில் பையன் பன்னிரண்டு வயதில்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெரு தாண்டிப் போகத் தொடங்குகிறான். அதே வயதில் பெண் பிள்ளையை வீட்டுக்குள் அழைத்துக்கொள்கிறோம். பெரியவளாகிவிட்டால் கேட்கவே வேண்டாம். குழந்தைகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 31-வது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் 18 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிமை என்கிறது. 1989-ல் வந்த அதை இந்தியா 1992-ல் ஏற்றுக்கொண்டது. பையன்களுக்கு மட்டும் என்று அதில் இல்லை. மகளுக்கும் வாரத்தில் சில மாலைகள் வேண்டும். ஷட்டில், எறிபந்து, சைக்கிள், அல்லது தோழியோடு மொட்டைமாடியில் சும்மா சுற்றி வருவது, எதுவானாலும் அவள் இஷ்டம். தம்பியைப் பார்த்துக்கொள் என்று சொல்லி மட்டும் அவளை வெளியே அனுப்பாதீர்கள். அது விளையாட்டு இல்லை, வேலை.

"போரடிக்குது" என்றால் கலங்காதீர்கள். நேரத்தை எப்போதும் மற்றவர்கள் நிரப்பிக் கொடுத்த பிள்ளைக்குச் சும்மா இருக்கிற நேரம் முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும். போனைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு, பந்து, சாக்பீஸ், கயிறு, அட்டைப்பெட்டி மாதிரி நாலு சாமானைக் கைக்கு எட்டும்படி போட்டுவைத்தால் போதும். நீங்கள் விளையாட்டு சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள். கொஞ்ச நேரம் முனகுவான், அப்புறம் ஏதாவது தொடங்கிவிடுவான்.

ஆனால் ஒற்றைப் பிள்ளையாகத் தெருவில் நின்று எதை விளையாடுவது? கதவைத் திறந்துவிட்டால் மட்டும் காரியம் ஆகாது. பிள்ளைகள் இல்லாததால் யாரும் அனுப்புவதில்லை, யாரும் அனுப்பாததால் பிள்ளைகள் இல்லை. இதை முறிக்க மூன்று வீடு போதும். உங்கள் தெருவிலேயே இதே மனக்குறையோடு இன்னும் இரண்டு அம்மாக்கள் நிச்சயம் இருப்பார்கள். போய்ப் பேசுங்கள். நாலரையிலிருந்து ஆறேகால் வரை, இன்ன இன்ன கிழமை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இப்போது சாரல் காற்று அடிக்கிற மாதம், வெளியே நிற்கவே சுகமாக இருக்கிறது. சித்திரை வெயிலில் ஆரம்பிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இனி வகுப்புகள். நீச்சல் இருக்கட்டும், ஆற்றூர்ப் பிள்ளைக்கு அது வேண்டும். ஆனால் சனி, ஞாயிறில் ஒரு நாள் போதும், மற்ற நாள் முழுசாக ஓய்வு. கீபோர்டு பிடித்திருக்கிறதா என்று அவனையே கேளுங்கள். ஆம் என்றால் தொடரட்டும். அபாகஸையும் இந்தியையும் நிறுத்திவிடுங்கள். இந்தி ஆறாம் வகுப்பில் தொடங்கினாலும் வந்துவிடும்.

கராத்தே பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. ஆசையாகப் போய்க்கொண்டிருந்தவன் திடீரென்று அழுகிறான் என்றால், காரணம் முக்கூடல் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். அங்கே யாராவது அடிக்கிறார்களா, கேலி செய்கிறார்களா, பிடிக்காதபடி தொடுகிறார்களா என்று, அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நின்று விசாரிக்காமல், நீங்கள் மட்டும் தனியாக இருக்கும்போது மெல்லக் கேளுங்கள். ஒரு தடவையில் சொல்ல மாட்டான், இரண்டு மூன்று நாள் விட்டுக் கேளுங்கள். அப்படி எதுவும் இல்லை, வெறும் சலிப்புதான் என்றால் ஆறு மாதம் நிறுத்திவையுங்கள். அவனாகக் கேட்டால் மறுபடி சேர்க்கலாம்.

அபாகஸுக்கு இந்த மாதக் கட்டணம் கட்டியாயிற்று என்பதற்காக மாதக் கடைசிவரை அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம். போன பணம் போகட்டும். வருகிற திங்கள்கிழமை மாலையிலிருந்தே ஆரம்பித்துவிடுங்கள்.