சக்திமான் ஏன் 42-ஐத் தாண்டவில்லை?

கேள்வி (அரூர் வாசகர்): ஐயா, ராணுவ ஏலத்தில் விட்ட சக்திமான் லாரி ஒன்று எங்களிடம் இருக்கிறது. தென்னந்தோப்புக்குத் தண்ணீர் ஏற்றி ஓட்டுகிறோம். காலி வண்டி 65 வரை போகும். போன வருடம் துருவைச் சுரண்டி வண்டி முழுக்கப் பெயிண்ட் அடித்தோம். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்து, இப்போது டாப் கியரில் 42-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. நிற்கும்போது ரேஸ் கொடுத்தால் நன்றாகவே ஏறுகிறது. புகையும் இல்லை. டீசல் பம்பை இறக்கி, இன்ஜினுக்குப் போகும் டீசலைக் கூட்டி வைத்தால் சரியாகும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: வேண்டாம். டீசல் அளவை மாற்றாதபடி பம்பில் வைத்திருக்கும் முத்திரையை இப்போதைக்கு யாரும் தொட வேண்டாம்.

நான் ராணுவ வண்டிகளைப் பழுது பார்க்கும் இ.எம்.இ. பிரிவில் 21 வருடம் வண்டி மெக்கானிக்காக இருந்தவன். கை பழகியதே சக்திமானில்தான். ஜெர்மனியின் மான் கம்பெனியிடம் உரிமம் வாங்கி ஜபல்பூரில் கட்டிய வண்டி அது. 1996-ல் தயாரிப்பு நின்றுவிட்டது. அதற்கு இன்று ஒரு பிஸ்டன் தேடி எத்தனை பழைய இரும்புக் கடை ஏற வேண்டும் என்று எனக்குத் தெரியும். தேவையில்லாமல் டீசலைக் கூட்டினால் அந்த பிஸ்டன்தான் முதலில் வேகும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டிய வரி 'புகையும் இல்லை' என்பது. இழுக்காத டீசல் இன்ஜின் கரும்புகை விட்டால், டீசல் வருகிறது, காற்று போதவில்லை, இல்லையென்றால் இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் ஒழுகுகிறது என்று அர்த்தம். முழுக்க மிதித்தும் புகையே வராமல், இழுவையில்லாமல் தொங்கினால் டீசல் போய்ச் சேரவில்லை. வந்து சேராத டீசலைப் பம்ப் எங்கிருந்து கூட்டிக் கொடுக்கும்?

அடுத்தது அந்தப் பெயிண்ட். டேங்க் மூடியில் காற்று உள்ளே போக ஊசிமுனை அளவு ஓட்டை உண்டு. ஒருமுறை ஓவர்ஹால் முடிந்து புதுப் பச்சைப் பெயிண்ட்டோடு வந்த வண்டி, 20 கிலோமீட்டர் நன்றாக ஓடும், பிறகு தொங்கும். அரை மணி நிறுத்தி வைத்தால் மறுபடி ஓடும். ஃபில்டர் மாற்றினோம், நாசில் மாற்றினோம். கடைசியில் டீசல் ஊற்ற மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. மூடியின் ஓட்டையைக் கோணி ஊசியால் குத்தியபோது நகக் கனத்துக்குப் பச்சைப் பெயிண்ட் உரிந்து வந்தது. நீங்களும் முதலில் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

அதில் சரியாகாவிட்டால், டீசல் வரும் வழியைப் பார்க்க வேண்டும். 'கொஞ்சம் கொஞ்சமாக' என்று எழுதியிருப்பதால் ஃபில்டர் மேலும், டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் சின்ன பம்பான ஃபீட் பம்பின் வாயில் இருக்கும் சின்ன சல்லடை மேலும் எனக்குச் சந்தேகம். துரு சுரண்டிய வண்டி அல்லவா, டேங்குக்குள்ளும் விழுந்திருக்கும். ரப்பர் ஹோஸை வெளியே பார்த்து நம்பாதீர்கள். பழைய ஹோஸின் உள்தோல் உரிந்து, பம்ப் பலமாக உறிஞ்சும்போது கதவு போல மூடிக்கொள்ளும். நிற்கும்போது கொஞ்சம் டீசலே போதும், அதனால்தான் ரேஸ் நன்றாக ஏறும். பிளேடால் நீளவாக்கில் கீறிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

எது என்று பிடிபடவில்லையா? 10 லிட்டர் கேனில் சுத்தமான டீசல் எடுத்து, சைலன்சர் சூடு படாத இடத்தில், இன்ஜினை விட உயரமாக இறுக்கிக் கட்டி, புது ஹோஸால் நேராக ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். வேகம் திரும்பினால் கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில். திரும்பாவிட்டால் ஃபீட் பம்ப், ஃபில்டர், அதற்கப்புறம்தான் உங்கள் மெக்கானிக் இறக்கச் சொல்லும் பெரிய பம்ப்.

இடையில் இரண்டு சின்ன வேலை. ஒருவரை ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி, பம்பின் லீவர் கடைசி வரை போகிறதா என்று பாருங்கள். 10 கிலோமீட்டர் ஓட்டி இறங்கி பிரேக் டிரம்களின் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், ஒன்று மட்டும் அனலடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்பீடோமீட்டரையும் நம்ப வேண்டாம். கிலோமீட்டர் கல்லுக்குக் கல் நேரம் பாருங்கள்: 65 என்றால் 55 விநாடி, 42 என்றால் 86 விநாடி.

கேள்வி (வாழப்பாடி வாசகர்): என் பழைய ராணுவ லாரியில் 8.25-20 டயர் இருக்கிறது. 9.00-20 போட்டால் வேகம் கூடுமா?

பதில்: கூடும், ஆனால் நூற்றுக்கு ஐந்து பங்குதான். 60 போகிற வண்டி 63 போகும், மேட்டில் அந்த அளவுக்கு இழுவை குறையும். ரிம் அகலம் பொருந்துமா என்று டயர் கடையில் கேட்டுவிட்டுப் போடுங்கள். போடுவதானால் முன்னும் பின்னும் ஒன்றாக மாற்றுங்கள். முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு என்று வைத்துக்கொண்டு தார் ரோட்டில் முன் ஆக்ஸிலைச் சேர்த்தால், முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொண்டு பல் உடையும்.